பேட்டரி இல்லாத ரேடியோ

கராபச்சாய் ஆறு, புதன்கிழமை

அன்பு மகன் டாமியானுக்கு,

படகை விற்கவில்லை. கடிதம் முழுக்க நீ பதறிக்கொண்டே படிக்கக்கூடாது என்பதால் இதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். இங்கே நானும் உன் அம்மாவும் உன் நாயும் நலம், என் வலது தோள் மட்டும் நலமில்லை. நீயும் உன் கணவாய் மீன்பிடிக் கப்பலும் தெற்குக் குளிரில் விறைத்துப்போகாமல் இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் லுஹான் மாதாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் எதையும் கேட்பதில்லை, திருப்பிக் கொடுக்க வழியில்லாத இடத்தில் கைநீட்டுவது எனக்குப் பழக்கமில்லை. உன் கப்பல் கரைக்கு வரும்போதுதான் இது உன் கையில் கிடைக்கும் என்று கம்பெனி அலுவலகத்தில் சொன்னார்கள். அதற்குள் உன் தங்கையின் போட்டி முடிவு உன் காதுக்கு வந்திருக்கலாம், ஆனால் அன்றைக்கு இங்கே ஆற்றில் நடந்ததை உனக்கு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முடிவு தெரியாவிட்டால் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. சரக்கை ஏற்றிய வரிசையில்தான் இறக்க வேண்டும்.

நீ மார்ச்சில் கிளம்பிய பிறகு நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். உன் தங்கை நாடினாவும் அவள் ஜோடி கீசெலாவும் இரட்டைத் துடுப்புப் படகில் பான் அமெரிக்கப் போட்டிக்குத் தேர்வானது உனக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், அரசாங்கம் அவளுக்குக் கொடுக்கும் உதவித்தொகைக்கு இந்தப் போட்டியோடு தவணை முடிகிறது, பதக்கம் வாங்கினால் நீட்டிப்பார்கள், வாங்காவிட்டால் நிறுத்திவிடுவார்கள். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் அவளே என்னிடம் சொன்னாள், "அப்பா, பதக்கம் இல்லன்னா துடுப்ப வச்சிட்டு உன்கூட படகுக்கு வந்துடறேன். எவ்வளவு காலத்துக்குத்தான் உன் மாவு மூட்டைய நீயே தூக்குவ." நான் கண்ணாடியில் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். உனக்கு என் படகு வேண்டாம், சரி, ஆண்பிள்ளை கடலுக்குப் போக ஆசைப்பட்டான் என்று விட்டுவிட்டேன். இவளாவது வருவாள் என்ற எண்ணம் எனக்குள் எப்போதும் உண்டு, மறைக்கவில்லை. ஒரே படகில் மாவும் யெர்பா இலைத்தூளும் கேஸ் சிலிண்டரும் ஏற்றிக்கொண்டு, எந்தப் படித்துறையில் வெள்ளைத் துணி தொங்குகிறதோ அங்கே ஒதுங்கி விற்று, ஒன்றுமில்லாததிலிருந்து இந்த வியாபாரத்தைக் கட்டினேன். இப்போது சிலிண்டரைத் தூக்கினால் தோள் பிடித்துக்கொள்கிறது, இரவில் புரண்டு படுக்க முடியவில்லை.

இந்த நேரத்தில் சான் ஃபெர்னாண்டோ ஊர்க்காரன் போர்டோன் வந்து படகை விலைக்குக் கேட்டான். அவனுக்கு என் தோள் விஷயம் தெரியும், வியாபாரி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும், நானும் அவன் இடத்தில் இருந்தால் அதே வாரம்தான் வந்திருப்பேன். நான் யோசித்து ஒரு பேச்சுப் பேசினேன். பெண்ணுக்குப் பதக்கம் கிடைக்காவிட்டால் அவள் என்னோடு வருகிறாள், படகு எனக்கு. பதக்கம் கிடைத்தால் அவள் இனிமேல் வரமாட்டாள், படகு உனக்கு. கை கொடுத்தோம். அவன் உடனே சகுனத்துக்காகப் படகின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு, "காலில்லாத மரம், இது செல்லும்" என்றான். மேசையைத் தொட்டால் செல்லாது, அதற்குக் கால் இருக்கிறது என்பது அவன் கட்சி.

இதை அவன் பெண்டாட்டி உன் அம்மா எல்விராவிடம் சொல்லிவிட்டாள். எல்விரா அன்று மாலை என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். உனக்கு நினைவிருக்கும், நாடினாவின் போட்டியை நான் பார்த்தபோதெல்லாம் என்ன நடந்தது என்று. கரையில் நின்று பார்த்தேன், துடுப்பு மாட்டும் கொக்கி முறிந்தது. தொலைக்காட்சியில் பார்த்தேன், மிதவையில் போய் மோதினார்கள். போன வருடம் ஒருவருக்கும் தெரியாமல் மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன், துடுப்பு தண்ணீருக்குள் சிக்கி இரண்டு பேரும் கவிழ்ந்தார்கள். நான் இல்லாதபோதெல்லாம் ஜெயித்தார்கள். அப்போதிருந்து நான் இந்த ஆற்றில் அதிகாரபூர்வமான மூஃபா, ராசி கெட்டவன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று உனக்குத் தெரியும், ஆனால் நம்பிக்கை உள்ளவர்கள்தான் என் வாடிக்கைக்காரர்கள், அதனால் வாயைத் திறப்பதில்லை. எல்விரா சொன்னாள், "ரொஹேலியோ, நீ ரேடியோ கேட்டாலே பொண்ணு தோக்குறா. இப்ப தோத்தா உனக்கு லாபம் வேற. உன்ன நம்பி ரேடியோவ விட முடியாது." இறுதிப் போட்டி அன்று காலை படகு ரேடியோவிலிருந்து பேட்டரிகளைக் கழற்றி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்குத் தென்கிழக்குக் காற்று, ஆறு ஏறிக்கொண்டிருந்தது, படித்துறைகளில் மேல்படி மட்டும்தான் தெரிந்தது. வேறு நாளாக இருந்தால் கிளம்பியே இருக்கமாட்டேன். ஆனால் வீட்டில் எனக்கு இடமில்லை. அரையிறுதி முடிவு வந்தபோது அம்மா ஒரு படுக்கை விரிப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், அதனால் இறுதிப் போட்டிக்கும் அதே விரிப்பு, அதே பெட்டி. பக்கத்து வீட்டு டோனா இர்மா அன்றைக்கு ஆணிக்கால் வலிக்கு ஒரு பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், அதனால் இப்போதும் அந்த நடுக்கும் குளிரில் ஒரு கால் வெறுங்காலாக உட்கார்ந்திருந்தாள். நான் தொப்பியை எடுக்க உள்ளே எட்டிப்பார்த்ததற்கு, "ஐயோ, இந்த மனுஷன் இன்னும் போகலியா" என்று மூஞ்சியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒரு சாமான் வாங்கினால் மூன்று முறை எடை பார்க்கிறவள், அவளுக்கு என்னைப் பார்த்தால் சகுனம் கெடுகிறதாம்.

போனேன். நீர் ஏறியதால் மேலே மரக்கிளைகள் கையெட்டும் உயரத்தில் இருந்தன. ஒரு படித்துறையிலும் துணி தொங்கவில்லை, ஒரு மனிதர் வெளியே இல்லை, எல்லோரும் அவரவர் ராசி இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று புரிந்தது. சவுக்கு மரங்கள் அடர்ந்த அந்த வளைவில் இன்ஜினை நிறுத்திக் கயிற்றைக் கட்டினேன். உன் அம்மா புத்திசாலிதான், ஆனால் ஒன்றை மறந்துவிட்டாள். நான் பேட்டரி விற்கிறவன். தீப்பெட்டிக்கும் மெழுகுவர்த்திக்கும் நடுவில் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. ஒரு பொட்டலத்தைப் பிரித்தேன், பிரித்தால் அப்புறம் அதைப் புதுசென்று விற்க முடியாது என்று தெரிந்தும் பிரித்தேன். ரேடியோவில் போட்டேன். விரல் திருகின் மேல் இருந்தது.

மகனே, உன்னிடம் உள்ளதைச் சொல்கிறேன், வேறு யாரிடமும் சொல்லவில்லை. அவள் தோற்றால் எனக்கு நல்லது. தோள் தேறும், படகு என்னிடமே நிற்கும், அவள் காலையில் எனக்கு எதிரே உட்கார்ந்து யெர்பா போட்ட மாத்தே உறிஞ்சிக்கொண்டு சரக்கைச் சரிபார்ப்பாள், இதைவிட எனக்கு என்ன வேண்டும். அதற்கு நான் ஒரு திருகைத் திருப்பினால் போதும், கேட்டால் பெண்ணின் போட்டியைக் கேட்க எந்தத் தகப்பனுக்கு ஆசை இருக்காது என்று சொல்லிக்கொள்ளலாம். நம்பிக்கை இல்லாதவன் திருகைத் திருப்ப ஏன் யோசிக்க வேண்டும் என்று நினைத்தேன். காற்று அடித்துக்கொண்டிருந்தது, படகு கயிற்றை இழுத்து இழுத்து விட்டது, தூரத்தில் எந்த வீட்டிலிருந்தோ அறிவிப்பாளர் குரல் கொஞ்சம் வந்து அறுந்துபோனது. காதைப் பொத்திக்கொண்டேன், அப்புறம் கையை எடுத்துவிட்டு மறுபடி திருகின் மேல் வைத்தேன்.

அப்போதுதான் காசிமிரோ கத்தினான், பிரம்பு வெட்டுகிற அந்தப் போலந்துக் கிழவன். தொடை அளவு தண்ணீரில் தன் படித்துறையில் நின்று கையை வீசினான். "டோன் ரொஹேலியோ, பேட்டரி இருக்கா, நடுவுல செத்துப்போச்சு! மூணாவதா நாலாவதான்னு படம் போட்டுப் பாக்கறாங்களாம், நம்ம பொண்ணுங்களும் கியூபாவும் கோட்ட ஒண்ணா தாண்டியிருக்காங்க!" நான் கயிற்றை அவிழ்த்து அவன் பக்கம் திருப்பினேன், உடனே அவன் இரண்டு கையையும் நீட்டித் தடுத்தான். "நில்லுங்க, நில்லுங்க, கிட்ட வராதீங்க, உங்க ராசி எனக்குத் தெரியும். அங்கேர்ந்தே தூக்கிப் போடுங்க." நான் பேட்டரிப் பெட்டிக்குள் கையை விடவில்லை, ஏனென்று இப்போதும் தெரியவில்லை. என் ரேடியோவில் போட்டதைத்தான் கழற்றினேன், ஒவ்வொன்றாக வீசினேன். ஒன்று அவன் நெஞ்சில் பட்டது, ஒன்று தொப்பியில் விழுந்தது, எல்லாவற்றையும் பிடித்துவிட்டான். காசு எடுக்கத் திரும்பியவனிடம், "போய்க் கேளுய்யா" என்று சொல்லிவிட்டு, அவன் கதவைத் திறப்பதற்குள் இன்ஜினை முழு வேகத்தில் வைத்து ஓடிப்போனேன், சத்தத்தில் வேறெதுவும் கேட்காமல்.

கீழே போகப் போக எல்லாப் படித்துறையும் காலி. ஒவ்வொன்றாகத் தாண்டினேன். துணி இல்லாத படித்துறை என்றால் விற்பனை இல்லை, இத்தனை வருடமாக என் கண் அப்படித்தான் பார்த்துப் பழகியிருக்கிறது, நாலாவதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். எனக்கு ஜெயம், படகு எனக்கு. அந்த ஜெயம் வாயில் எப்படி இருந்தது என்றால், கெட்டுப்போன யெர்பாவை உறிஞ்சியது போல. அடுத்த வளைவில் ஒரு துணி தொங்கியது, மேசை விரிப்பு. பழக்கத்தில் வேகத்தைக் குறைத்து ஒதுங்கி என்ன வேண்டும் என்று கேட்டேன். அந்தப் பெண் ஜன்னலிலிருந்து, "ஒண்ணும் வேணாம், போங்க, வீட்டுக்குப் போங்க" என்றாள், அழுதுகொண்டே சிரித்தாள். அடுத்த படித்துறையில் ஒரு சட்டை. அதற்கடுத்து குழந்தையின் போர்வை, துண்டு, கால்சட்டை, என்னிடம் ஒருநாளும் சாமான் வாங்காத வீட்டில்கூட ஒரு முழு விரிப்பு தண்ணீரில் நனைந்து தொங்கியது. ஆறு நெடுக வெள்ளை, ஒருத்தரும் ஒன்றும் வாங்கவில்லை. மூன்றாவது. வெண்கலம். நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு வந்தேன், கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை, நல்லவேளை இந்த ஆறு எனக்கு மனப்பாடம்.

வீட்டில் உன் அம்மா விரிப்பை இஸ்திரியால் கருக்கி வைத்திருந்தாள், நடுவில் பெட்டி அளவு ஓட்டை. அவள் என் ரேடியோவைத் திறந்து பார்த்தாள், காலியாக இருந்தது. ஒரு மாத்தே ஊற்றிக் கொடுத்தாள். நாடினா மாலையில் டீசல் கடைத் தொலைபேசிக்கு அழைத்தாள், போர்டோன் பேச்சை அம்மா அவளிடம் முன்பே சொல்லியிருக்கிறாள், முதல் வார்த்தையே, "அப்பா, போர்டோனுக்குக் கையெழுத்துப் போட்டுட்டியா?" இல்லை என்றேன். "போடாத. அடுத்த பான் அமெரிக்கப் போட்டி வரைக்கும் நான் துடுப்பு போடறேன், அப்புறம் படகு என்னோடது. அதுவரைக்கும் வச்சிருப்பியா?" என்றாள். என் தோள் வலியை அவளிடம் சொல்லவில்லை. ஆனால் போர்டோனிடம் கொடுத்த கை இருக்கிறதே. நம் குடும்பத்துக்கு வார்த்தையைத் தவிர முதல் கிடையாது. அவன் மறுநாள் விடியும்போதே வந்து படித்துறையில் தொப்பியைக் கழற்றிப் பாராட்டிவிட்டு, "பேச்சு பேச்சுதான" என்றான். பேச்சுதான் என்றேன், பதக்கத்தின் நிறத்தைப் பேசவில்லை, வெண்கலத்துக்கும் படகு உனக்குத்தான், கொண்டுபோ என்று சாவியை நீட்டினேன். அவன் சாவியை வாங்கவில்லை. சாவியைப் பார்த்தான், மரத்தில் காயும் கருகிய விரிப்பைப் பார்த்தான், "இந்தப் படகுல நான் போனா இந்த ஆத்துல ஒருத்தியும் எனக்குத் துணி தொங்கவிட மாட்டா, பதக்கப் படகப் பறிச்சவன்னு சொல்லுவாங்க. சரக்கு அழுகிப்போயிடும். வேற பேசு" என்றான். அவனும் வியாபாரிதானே. மத்தியானம் வரை பேசினோம், அம்மா இரண்டு முறை தண்ணீர் சுட வைத்தாள்.

உனக்குச் சில வார்த்தைகள். கம்பளிக் காலுறையை ஈரத்தோடு போடாதே. கூட்டாளிகளுக்குச் சாமான் இரவல் கொடுக்காதே, கொடுத்தால் திரும்பக் கேட்க வெட்கப்படாதே. உன் தங்கைக்கு ஒரு தந்தி அடி, பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம். அடுத்த ஜெயத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், முன்கூட்டிச் சொன்னால் அம்மா உன்னையும் மூஃபா பட்டியலில் சேர்த்துவிடுவாள். கடல் உன்னை முழுசாகத் திருப்பி அனுப்பட்டும், நல்ல மீனும் நல்ல தூக்கமும் உனக்குக் கிடைக்கட்டும், அப்பா அம்மா இருவரின் ஆசியும் உன்னோடு இருக்கிறது.

போர்டோனோடு முடிந்த பேச்சை உனக்கும் எழுதிவைக்கிறேன், நீயும் ஒரு சாட்சி. செவ்வாயும் வியாழனும் மேல் ஆற்றுப் பக்கம் படகை அவன் ஓட்டுவான், அந்த இரண்டு நாள் லாபம் அவனுடையது. மற்ற நாட்களில் என் சிலிண்டர்களை அவன் ஏற்றி இறக்கித் தருவான். நாடினா துடுப்பை வைக்கும் அன்று சுக்கான் அவளுடையது, போர்டோன் மறுபேச்சுப் பேசக்கூடாது. அவள் போட்டி நடக்கும் நாளில் என் படகில் பேட்டரியே இருக்கக்கூடாது, விற்பனைக்குக்கூட. ஒன்று இருந்தாலும் அன்றே படகு போர்டோனுக்கு, விலை பேசாமல்.

உன் அப்பா,
ரொஹேலியோ பெர்துசி