பினாமிக்கு ஒரு கதவு

கீழத்தெரு,
நீடாமங்கலம் வழி.
மாசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ரெத்தினத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அதுபோல நீயும் நீலாவும் என் பேத்தியும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். தினம் போனில் முகம் பார்க்கிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் பாதியிலேயே, அம்மா நான் சொல்றதக் கேளு என்கிறாய், சரி என்று நான் கேட்க உட்கார்ந்தால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதற்காகத்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுக்கப் படி.

சம்பா அறுத்து முடித்துவிட்டோம். கடைசியில் பெய்த மழையில் வாய்க்கால் ஓரம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது, மற்றபடி விளைச்சல் மோசமில்லை. அறுப்புக்கு முன்னால் தெளித்த உளுந்து இப்போது இலை விட்டு நிற்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலிதான், நீ அனுப்பிய களிம்பைத் தடவிக்கொண்டே இதைவிட வேப்பெண்ணெய் தேவலை என்கிறார், ஆனால் டப்பாவைக் காலி செய்துவிட்டார். எதிர்வீட்டு அம்சத்தின் மகளுக்கு அடுத்த வாரம் வளைகாப்பு. அம்சம்தான் உனக்கு அந்தப் போட்டோவை அனுப்பினாள் என்று எனக்குத் தெரியும். பின்கதவுக் கண்ணாடி நொறுங்கிக் கிடக்க, நான் துடைப்பத்தோடு நிற்கிறேனே, அதுதான். அதைப் பார்த்துவிட்டு நீ போட்ட சத்தத்தில் அப்பா இரண்டு நாள் போனையே எடுக்கவில்லை. ரோடு போட இடிக்கப் போற வீட்டுல பூனைக்குக் கதவு வைக்கிறியே, உனக்கு என்னம்மா ஆச்சு என்று கேட்டாய். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல புத்தியோடுதான் வைத்தேன், எப்படி வைத்தேன் என்றும் சொல்கிறேன்.

புறவழிச்சாலை நம் தெருவின் மேல் வருகிறது என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டு, கொல்லையில் தென்னைக்குப் பக்கத்தில் மஞ்சள் பூசிய கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து நீ ஒரே பாட்டாகப் பாடுகிறாய். அம்மா, மனைப்பட்டா உன் பேரில்தானே இருக்கிறது, சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிவிடு, திருச்சியில் ஃப்ளாட் பார்த்து வைக்கிறேன், அதுவரை அந்த வீட்டில் ஒரு ஆணி அடிக்காதே என்கிறாய். தெருவில் பாதிப் பேர் போட்டுவிட்டார்கள், அம்சமும் போட்டுவிட்டாள். உன் அப்பாவும், புள்ள சொல்றது சரிதானே செவ்வந்தி, நமக்கு இனிமே கோர்ட்டு கச்சேரின்னு அலைய முடியுமா என்று காதருகே வந்து வந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் எலிக்கு நோட்டீஸ் பற்றி என்ன தெரியும்? அறுப்பு முடிந்ததும் வயலில் இருக்கிற எலியெல்லாம் ஊருக்குள் புறப்பட்டுவிடும். கடைசி அறையில் விதைநெல் மூட்டையும் போன வருஷத்து உளுந்தும் இருக்கின்றன. பழைய கூரை வீட்டில் பூனை போய்வர எத்தனையோ சந்து இருந்தது. நீ கட்டிய வீட்டில் கொசு வரக் கூடாது, தூசி வரக் கூடாது என்று எல்லாப் பக்கமும் கண்ணாடியும் வலையுமாக அடைத்துவிட்டாய். எலி குளியலறைக் குழாய் வழியாக வந்துவிட்டது. பூனைதான் மரியாதை தெரிந்த பிராணியாகக் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து எலி ஓடுவதை வேடிக்கை பார்க்கிறது. கதவைத் திறந்து வைத்தால் பூனைக்கு முன்னால் தெருநாய் வருகிறது, ஒரு நாள் சாரைப்பாம்பும் வந்து எட்டிப் பார்த்தது. மருந்து வை என்பாய். விதைநெல் இருக்கிற அறையில் விஷம் வைக்கிறவள் நான் இல்லை. சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக அத்தனை வருஷம் அரிசி மூட்டையைக் காத்தவள்டா உன் அம்மா. ஆய்வுக்கு ஆபீசர் வருகிறார் என்றால் அங்கே எலிக்காக வைத்திருந்த பூனையை ஆயா முந்தானையில் மறைத்துக்கொண்டு போய்விடுவாள், அவர் மூலைமூலையாக எலிப்புழுக்கை தேடிப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல் சுத்தமா வச்சிருக்கீங்கம்மா என்று மெச்சிவிட்டுப் போவார்.

நம் வீட்டில் எந்தப் பூனை வந்தாலும் அதற்குப் பேர் பினாமி என்பது நீலாவுக்குத் தெரியாது, அவளுக்கும் சொல்லு. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது பண்ணையார் நிலத்தையெல்லாம் சமையல்காரர் பேரிலும் வண்டிக்காரர் பேரிலும் பினாமியாக எழுதினாராம், ஆள் தீர்ந்துபோய் வீட்டுப் பூனை பேரிலும் நாலு மா நிலம் எழுதிவிட்டார் என்று உன் தாத்தா விவசாயத் தொழிலாளர் சங்கத்துக் கூட்டத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைப்பார். அன்றைக்கு வைத்த பேர். பண்ணையார் பூனைக்கு நிலமே எழுதினார் என்கிறார்கள், நான் ஒரு வழி வைத்ததற்கு இத்தனை பஞ்சாயத்து.

இந்த யோசனையும் உன் ஊரில் பிடித்ததுதான். பேத்தி பிறந்தபோது அங்கே ஆறு மாதம் இருந்தேனே, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெரியவர் சமையலறைக் கண்ணாடிக் கதவில் வட்டமாக அறுத்துப் பூனைக்கு வழி வைத்திருந்தார். தலையால் முட்டினால் திறக்கும், பூனை நுழைந்ததும் தானாக மூடிக்கொள்ளும். நீதான் என்னைக் கூட்டிப்போய்க் காட்டி, பாரும்மா எவ்வளவு அக்கறையா வச்சிருக்காங்க என்றாய். அங்கே செய்தால் அக்கறை, நான் செய்தால் கிறுக்கா?

கடைத்தெருவில் படத்துக்கு ஃபிரேம் போடுகிற ஜெகபர் அலி பாயைக் கூப்பிட்டேன். மெக்கா படத்துக்கும் முருகர் படத்துக்கும் அறுத்த கை, பூனைக்கு அறுக்காதாம்மா, டீ போட்டு வைங்க, ஆறதுக்குள்ள முடிஞ்சிடும் என்றார். பின்கதவில் சாக்பீஸால் அழகாக வட்டம் போட்டார், அறுக்கிற மிஷினை வைத்தார், அவ்வளவுதான். கல்கண்டு மூட்டை அவிழ்ந்ததுபோல் கதவு முழுக்க ஒரே நொடியில் கொட்டியது. வட்டம் போட்ட இடம் எது என்றே தெரியவில்லை. நல்லவேளை யார் மேலும் கீறல் இல்லை. பாய் அப்படியே தரையில் உட்கார்ந்து தஞ்சாவூரில் கண்ணாடிக்கடை வைத்திருக்கும் மச்சானுக்குப் போன் போட்டார். அது சூட்டில் பதம்போட்ட கண்ணாடியாம், செய்யும்போதே ஓட்டை வைத்தால்தான் உண்டாம், பிறகு அதில் கை வைக்கவே கூடாதாம். மச்சான் திட்டியது போனுக்கு வெளியே எனக்கே கேட்டது. நீ ஆசைப்பட்டுப் போட்ட கதவு, அது போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் அப்பா, பாத்தியா, புள்ள சொன்னத கேட்டியா என்று ஆரம்பித்தார் பார், அந்த நிமிஷம்தான் இதை முடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

பின்கதவுக்கு இப்போது பலகை அடித்திருக்கிறது. கடைசி அறை ஜன்னல் சாதாரணக் கண்ணாடி என்று பாய் நகத்தால் தட்டிப் பார்த்து, மச்சானிடமும் கேட்டு, என் பங்குக்கு நானும் இரண்டு தடவை கேட்டு, கொசுவலையைப் பிரித்துவிட்டு அதைக் கழற்றி ஜமக்காளத்தின் மேல் படுக்க வைத்தார். இந்தத் தடவை மிஷினைத் தொடவில்லை. மண்ணெண்ணெய் தொட்டு வைரக்கத்தியால் வட்டம் இழுத்து, உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, பின்பக்கமாகத் தட்டித் தட்டித் துண்டு துண்டாக எடுத்தார். விளிம்பை உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கார் கண்ணாடிக்குப் போடும் ரப்பரைச் சுற்றிவர மாட்டினார். மூடிக்கு முதலில் டிராக்டர் மட்கார்டு ரப்பரை வெட்டித் தொங்கவிட்டோம், அதன் கனத்துக்குப் பூனை ஒரு முட்டு முட்டிவிட்டு என்னை முறைத்தது. பிறகு பிள்ளைகள் பரீட்சைக்குக் கொண்டுபோகிற கண்ணாடி மாதிரி அட்டை ஒன்று வாங்கி அறுத்துச் சின்னக் கீலில் மாட்டினார். காற்று அடித்தால் டிக் டிக் என்று ஆடுகிறது, அவ்வளவுதான். வெளியே துணி துவைக்கிற கல்லை ஜன்னலுக்கு அடியில் நகர்த்திப் போட்டிருக்கிறேன், அதில் ஏறி அங்கிருந்து தாவ வேண்டும்.

பூனைக்குத்தான் வழி புரியவில்லை. உள்ளே கருவாடு வைத்தேன், வெளியே இருந்து கண்ணாடியை நக்கியது. கடைசியில் யார் சொல்லிக்கொடுத்தது தெரியுமா, உன் அப்பா. ஆணி அடிக்காதே கட்சியைச் சேர்ந்தவர், முழங்கால் வலிக்காரர், வெளியே துவைகல்லைப் பிடித்துக் குனிந்து நெற்றியால் அந்த அட்டையை முட்டித் திறந்து, இப்படி, இப்படி என்று பூனைக்குக் காட்டுகிறார். அம்சம் அதையும் போட்டோ எடுத்திருப்பாள், கேட்டுப் பார். ஒரு மத்தியானம் நான் சோற்றை வடித்துக்கொண்டிருக்கும்போது டிக் என்று சத்தம் கேட்டது, போய்ப் பார்த்தால் பினாமி மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு மூட்டைப் பக்கம் ஒரு சுரண்டல் சத்தம் கிடையாது.

போன வாரம் வீட்டுக்கு மதிப்புப் போட ஒரு இன்ஜினியர் தம்பி டேப்போடு வந்தார். வேண்டாம் என்றால் அவர் வேலைக்கு இடைஞ்சல், அளந்துக்குங்க தம்பி என்றேன். ஒவ்வொரு அறையாக எழுதிக்கொண்டு வந்தவர் கடைசி அறையில் நின்று, இந்த ஜன்னல் ஓட்டையா இருக்கேம்மா, சேதம்னு போட்டுக்கறேன் என்றார். நான் வாய் திறப்பதற்குள் உன் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டார். சேதம் இல்லீங்க, அது கதவு, பின்னால பலகை அடிச்சிருக்கே அதுதான் சேதம், அத வேணா போட்டுக்குங்க, இது நாங்க வச்சது என்றார். அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டு எத்தனையோ காலம் ஆகிறது ரெத்தினம். அந்த நேரம் பார்த்துப் பூனையும் ஓட்டை வழியாகத் தலையை நீட்டியது. தம்பி சிரித்துவிட்டு, பேர் என்னங்க என்று கேட்டார். பினாமிங்க என்றார் அப்பா. எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறார். பாவம், பூனையைத்தான் சொன்னோம் என்று விளக்கி மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, இடிக்கப் போற வீட்டுக்கு ஏம்மா இவ்ளோ மெனக்கெடுறீங்க, நீங்க கையெழுத்துப் போடலன்னாலும் எடுத்துடுவாங்க என்று நல்ல மனசோடுதான் சொன்னார். எடுத்துக்கட்டும் தம்பி, நான் குடுத்தேன்னு மட்டும் எழுதாதீங்க என்றேன்.

நீயும் அதையேதான் சொல்வாய், எடுத்துவிடுவார்கள் என்று. எனக்கும் அது தெரியும், நான் ஒன்றும் ரோடே வேண்டாம் என்கிறவள் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போக எனக்கும்தான் ரோடு வேண்டும். ஆனால் முதலில் கல் நட்டது ரைஸ்மில்காரர் தரிசில். அங்கே ஒரு வீடு கிடையாது, கருவேலம்தான் நிற்கிறது. ஆறு மாதத்தில் ரோட்டுக்குப் போட்ட கோடு வளைந்து நம் தெரு மேல் வந்து நிற்கிறது. ஆளுகிற கட்சிக்காரரும் ஆண்டு முடித்த கட்சிக்காரரும் அவர் வீட்டுக் கல்யாணத்தில் ஒரே பந்தியில் சாப்பிட்டதை ஊரே பார்த்தது. கோடு தானாகவா வளையும்? வளைத்தவர்கள் யார், எதற்கு வளைத்தார்கள் என்று ஒருவராவது கேட்க வேண்டாமா?

இந்த மனையை விட்டு எழுந்திரு என்று சொல்வது நமக்கு இது முதல் தடவை இல்லை. கூலி கூடக் கேட்டுச் சங்கத்தில் சேர்ந்தார் என்பதற்காக, எல்லாரும் நடவுக்குப் போயிருந்த நேரத்தில் பண்ணையார் ஆட்கள் உன் தாத்தா வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். வயலிலிருந்து வந்தவர் அதே கீற்றைப் பொறுக்கி அதே இடத்தில் கட்டினார். மறுபடி பிரித்தார்கள், மறுபடி கட்டினார். அப்புறம் குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வந்தது, பட்டா வந்தது. கடைசிக் காலத்தில் பெற்ற மகனைக்கூட நம்பாமல், இவன் யார் எதக் கேட்டாலும் தலையாட்டிடுவான், நீ வச்சுக்க என்று என் பேருக்கு மாற்றிக் கொடுத்தார். உன் அப்பாவுக்கு அதில் இன்னும் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அம்சம் வாசல் தெளிப்பதைக்கூட விட்டுவிட்டாள். முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை, ஓடு நழுவினால் எடுத்து வைப்பதில்லை. ஏண்டி என்றால், இனிமே இது யார் வீட்டு வாசலோ அக்கா என்கிறாள். மகள் வளைகாப்பையே மண்டபத்தில் வைத்திருக்கிறாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வருகிறது, அழுகையும் வருகிறது. ஒருவர் வந்து வீட்டை இடிப்பது வேறு, உள்ளே இருந்துகொண்டே நாமே அதை விட்டுவிடுவது வேறு. அதை நான் செய்ய மாட்டேன். இடிக்கிற மிஷின் தெருமுனையில் வந்து நிற்கிற அன்றைக்கும் நான் வாசல் தெளித்துக் கோலம் போடுவேன், ஜன்னல் கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெயும் விடுவேன். பங்குனியில் மன்னார்குடியில் ஆட்சேபணை விசாரணை இருக்கிறது. நான் போகிறேன். உன் அப்பாவும் சட்டையை இஸ்திரி போடக் கொடுத்திருக்கிறார், எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பேத்தியைத் தமிழில் பேச வை, சனிக்கிழமையாவது அவளுக்குத் தலைக்கு எண்ணெய் வை. நீலாவை வேலைக்கும் போய் வீட்டிலும் தனியாக அடித்துக்கொள்ள விடாதே, நீயும் பாத்திரம் தேய். நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு, கையில் தொழிலும் மனதில் தைரியமும் குறையாமல் நன்றாக இருக்க வேண்டும். உன் ரேங்க் கார்டில், படிப்புக் கடன் பத்திரத்தில், பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர் நீட்டிய தாளில் என்று நீ கேட்ட இடத்திலெல்லாம் என்ன ஏது என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை சம்மதத் தாளைப் படித்துப் பார்த்தேன். நீ கேட்ட கையெழுத்தை இதோ இந்தக் கடிதத்தின் அடியில் போடுகிறேன், பத்திரமாக வைத்துக்கொள், வேறு எந்தத் தாளிலும் அதை நீ பார்க்க மாட்டாய்.

இப்படிக்கு,
உன் அம்மா
இரா. செவ்வந்தி