குளத்திலை நிண்ட புள்ளிக்கு அடிச்ச மணி

இயேசு மரி சூசை

மண்டைதீவு
20.07.2025

அன்பு மகள் நிலாந்திக்கு,

ஆண்டவற்றை கிருபையாலை நானும் கொம்மாவும் தம்பி றொமேஷும் இஞ்சை ஒரு குறையுமில்லாமல் இருக்கிறம், நீயும் அந்தக் குளிர் தேசத்திலை உடம்பும் மனசும் சுகமாய் இருக்கவேணும் எண்டு ஒவ்வொரு நாளும் செபமாலையிலை உனக்கெண்டு ஒரு மணி உருட்டுறன். குறையில்லை எண்டு எழுதிப்போட்டு ரெண்டு தரம் எழும்பிக் கரைக்குப் போய் வந்திட்டன், இருக்கேலாமல் கிடக்கு. எல்லாம் போன கிழமை நீ போனிலை, கொம்மா குசினிக்குள்ளை போன நேரம் பாத்துக் குசுகுசுத்த கதையாலைதான். ஆவணி பதினேழாம் திகதி ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் அந்தப் போட்டிக்குப் பேர் குடுத்திட்டன், போகவோ விடவோ, நீங்கள் சொல்லுங்கோ அப்பா எண்டு கேட்டாய். போனிலை மறுமொழி சொல்லேலாது, கொம்மா ஸ்பீக்கரைப் போடாமல் கதைக்கமாட்டா. றஜீபன் லீவிலை வந்து நிக்கிறான், வியாழக்கிழமை சுவிஸுக்குத் திரும்பிறான், அவனிட்டை இதைக் குடுத்துவிடுறன். இறால் கருவாடும் வருது, ஈரம் படாமல் வை. நான் மூண்டாம் வகுப்போடை கடலுக்குப் போனவன், எழுத்துப் பிழையைப் பாத்துச் சிரியாதை.

போன வருசம் இஞ்சை நடந்ததை நான் உனக்கு முழுக்கச் சொல்லேல்லை. நீ முதல் நீந்தி, பிறகு சைக்கிள் ஓடி, பிறகு காலாலை ஓடவேணும் எண்டு றொமேஷ் விளங்கப்படுத்தினவன், ஒரு மனிசிக்கு ஒண்டு காணாதோ எண்டு கொம்மா கேட்டவ. உன்ரை காலிலை கட்டின ஏதோ ஒண்டாலை நீ போற இடம் அவன்ரை போனிலை சின்னச் சிவப்புப் புள்ளியாத் தெரிஞ்சுது, நாங்கள் மூண்டு பேரும் வாங்கிலை இருந்து அந்தப் புள்ளியையே பாத்துக்கொண்டிருந்தம். அது நடுக்குளத்திலை போய் நிண்டிட்டுது. ஐஞ்சு நிமிசம், பத்து நிமிசம், அசையேல்லை. சிக்னல் இல்லையாக்கும் எண்டு றொமேஷ் சொல்லத் திரும்பிப் பாத்தன், கொம்மாவைக் காணேல்லை. செருப்பும் இல்லாமல் கோயிலுக்கு ஓடி மணிக்கயித்தைப் பிடிச்சிட்டா. உனக்குத் தெரியும்தானே, எங்கடை ஊரிலை கடலிலை ஆரும் தவறினா அடிக்கிற அடி வேறை, விடாமல் அடிக்கிறது. கொஞ்ச நேரத்திலை கரையிலை பதினாலு போட் எஞ்சின் பூட்டினபடி நிக்குது, எண்ணெய்க் கானோடை சனம் ஓடி வருது. சந்தியாப்பிள்ளை அண்ணை மூச்சு வாங்க வந்து ஆற்றை போட்டைக் காணேல்லை எண்டு கேக்க, கொம்மா அழுதுகொண்டு எங்கடை நிலாந்தி எண்டா. எந்தப் பக்கம் எண்டு கேட்டார். சுவிஸிலை எண்டா. எனக்கு மண்ணுக்குள்ளை புதைஞ்சு போனாக் காணும் எண்டு இருந்துது. ஆனாப் பிள்ளை, அண்டைக்கு ஒருத்தரும் சிரிக்கேல்லை. சந்தியாப்பிள்ளை அண்ணை கானைக் கீழை வைச்சிட்டு, அப்ப இருந்து பாப்பம் எண்டார். நீ போன் எடுக்குமட்டும் ஒண்டரை மணித்தியாலம் ஒரு போட்டும் வெளிக்கிடேல்லை. நீ எடுத்து, உயிரோடை இருக்கிறன், கால் நரம்பு இழுத்துக் குறண்டிப்போட்டுது, காவல் வள்ளத்தைப் பிடிச்சுத்தான் கரைக்கு வந்தனான் எண்டு அழுதாய். பகிடி அடுத்த நாள்தான் துடங்கினது. இண்டைக்கும் நான் போட் தள்ளேக்கை, என்ன இராயப்பு, சுவிஸ் பக்கம் காத்து எப்பிடி எண்டுதான் கேக்கிறாங்கள்.

அதை விடு. நீ பிறகு சொன்ன கதைதான் எனக்குத் தொண்டையிலை முள்ளாய் நிக்குது. அவ்வளவு செபிச்சும் ஆண்டவர் என்னை நடுக்குளத்திலை விட்டிட்டார், வள்ளத்தைப் பிடிச்ச கையைப் பாக்கவே வெக்கமா இருக்கு எண்டு சொன்னாய். ஞாயிறு பூசையை விட்டிட்டுப் போனா ஆண்டவர் நிப்பாட்டத்தானே செய்வார் எண்டு கொம்மா வேறை. கொம்மாவுக்கே தெரியாத ஒண்டு சொல்லுறன் கேள். நீ சின்னனிலை கோயிலிலை முதல் நன்மை எடுத்த வருசம் ஒருநாள் எங்கடை எஞ்சின் கடலிலை நிண்டிட்டுது, ஊர்காவற்றுறையிலை பழசா வாங்கின எஞ்சின், அதை வித்தவன்ரை கதை தனிக்கதை, வாங்கிக்கொண்டு வாற வழியிலேயே இருமினது. மரக்கோலை ஊண்டி ஊண்டித்தான் வந்தன். கரையைப் பாத்தா அது கிட்ட வராது, அதாலை கோல் குத்திற இடத்தை மட்டும் பாத்தன், ஒரு ஊண்டுக்கு ஒரு மரியே வாழ்க. வெய்யில் ஏறி உள்ளங்கைத் தோல் உரிஞ்சுபோச்சு. கோயில் சிலுவை தெரியிற இடத்திலை கோல் சேத்துக்குள்ளை இறுகி, கையை விட்டு நழுவிப்போட்டுது. சந்தியாப்பிள்ளை அண்ணை வந்து கயிறு எறிஞ்சார். நான் பிடிக்கேல்லை பிள்ளை. கரையிலை பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள், மானம் விடேல்லை. டேய் விசரா, ஆண்டவருக்கே சிலுவை தூக்கச் சீமோன் வந்தவன், நீ என்ன அவரிலும் பெரிய ஆளோ எண்டு கத்தினார். பிடிச்சன். வீட்டிலை வந்து நானே தனியக் கரை சேந்தன் எண்டு புழுகினதுதான் என்ரை பாவம், கயித்தைப் பிடிச்சது இல்லை. அடுத்த நாளும் கடலுக்குப் போனன். சிலுவைப்பாதையிலை அவர் மூண்டு தரம் விழுறதை வருசா வருசம் முழந்தாளிலை நிண்டு பாக்கிறம், நாங்கள் ஒருக்கா விழுந்தா மட்டும் அவர் கைவிட்டிட்டார் எண்டு நினைக்கிறம்.

இதிலை எழுதிறதை நிப்பாட்டிப்போட்டு எழும்பிப் போனனான். ஒளிச்சு வைக்கவும் ஏலேல்லை, கதிரையிலை இருக்கவும் ஏலேல்லை. கொம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தவ, உன்ரை பதினேழாம் திகதிக் கதையைச் சொல்லிப்போட்டன். கத்தியைக் கழுவி வைச்சிட்டு வெளியிலை போயிட்டா. நான் படலைக்கும் கிணத்தடிக்குமா நடந்தன், மீனைப் பூனை கொண்டுபோனதும் தெரியாது. முக்கால் மணித்தியாலம் கழிச்சு வந்து, அவள் தண்ணியிலை இறங்கேக்கை எங்களுக்கு என்ன நேரம் எண்டு கேட்டா. அங்கை காலமை ஏழு, இஞ்சை பத்தரை எண்டன். அப்ப பூசை முடிஞ்சிடும் எண்டா. கோயிலுக்குப் போய்ச் சுவாமியாரோடை கதைச்சுப்போட்டுத்தான் வந்திருக்கிறா. புள்ளி நிண்டா இனி மணி அடிக்கிறேல்லையாம், நீ தண்ணியை விட்டு வெளியிலை வந்தாத்தான் அடிக்கிறதாம், அதுவும் திருநாள் அடி. நீந்தி வந்தாலும் சரி, வள்ளத்திலை ஏத்திக்கொண்டு வந்தாலும் சரி, கரை கரைதானே எண்டா. கயிறு தன்ரை கையிலைதானாம், வேறை ஆரும் தொடக்கூடாதாம். சொல்லிப்போட்டு மீன் எங்கை எண்டு என்னைத் திட்டினா.

அப்ப என்ரை மறுமொழி, போ பிள்ளை. சனிக்கிழமை பின்னேரப் பூசைக்குப் போயிடு, கொம்மாவின்ரை வாய்க்கு அது காணும். முதல் நாள் காலுக்கு நல்லெண்ணெய் போட்டு உருவு. திரும்பக் குறண்டினா வள்ளத்தைப் பிடி, வெக்கப்படாதை. எனக்கு அண்டைக்குப் போனைப் பாத்துக்கொண்டு இருக்கேலாது, றொமேஷ் கோயிலடியிலை நிண்டு பாப்பான், நான் மணி கேக்கிற தூரத்திலை கடலிலை நிப்பன். கேட்டாத்தான் கரைக்கு வருவன். நீ அவசரப்படாதை, ஆறுதலா நீந்து, பொழுதுபடுமட்டும் நிக்க எனக்கு எண்ணெய் இருக்கு.

மாதாவின்ரை காவலும் எங்கடை ஆசீரும் உன்னோடை இருக்கட்டும். கருவாட்டை மறந்துபோய்ப் பையோடை வையாதை.

உன்ரை அப்பா
இராயப்பு