அந்தக் கோடு அம்மாவுக்கு வேண்டும்

கருவேலங்குளம்,
திருச்சுழி வழி.
ஆவணி 27.

அன்பு மகன் ஜெகதீஸ்வரனுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மருமகள் ரோஷினியும் புனேயில் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

கையில் போனை வைத்துக்கொண்டு இவர் ஏன் தபாலில் எழுதுகிறார் என்று உனக்குத் தோன்றும். போனில் நீ கேள்வி கேட்பாய். கேள்வி கேட்டால் என் வாயில் முதலில் வந்து நிற்பது பொய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, நான் உண்மையை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். பத்தாம் வகுப்பில் கணக்கைக் கோட்டை விட்டவன் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். உன் மாமா மகள் கல்யாணத்துக்குப் போய் வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போதெல்லாம் அம்மா கடைக்குப் போயிருக்கிறாள், குளிக்கிறாள் என்று சொல்லி வந்தேன் அல்லவா? அவள் எங்கேயும் போகவில்லை. என் எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உன்னோடு பேச அவளுக்கு மனசு வரவில்லை. அதற்குக் காரணம் வாசலில் மாட்டியிருக்கும் புது கரண்ட் மீட்டரும், அதைப் பற்றி நான் உன்னிடம் அளந்த கதைகளும்.

மீட்டர் மாட்ட வந்தவர்கள் போன் நம்பர் கேட்டார்கள். கேஸுக்கும் ரேஷன் கார்டுக்கும் பேங்குக்கும் கொடுத்தது போல உன் நம்பரையே கொடுத்தேன். வெளியூரில் பிள்ளை இருக்கிற வீட்டில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். பிள்ளை நம்பரைச் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும், மெசேஜ் படிக்கிற வேலையும் மிச்சம். ஆகவே மீட்டர் இருப்பது நம் வாசலில், அது பேசுவது புனேயில் என்று ஆயிற்று.

நீ உன் போனில் அந்த மீட்டர் கணக்கைத் திறந்து, மணிக்கு மணி எவ்வளவு கரண்ட் போகிறது என்று கோடாகப் பார்க்க ஆரம்பித்தாய். "அப்பா, இப்பத்தான மோட்டார் போட்டீங்க" என்று நீ சொன்னபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை. டீக்கடையில் போய்ச் சொன்னேன். சீனிச்சாமி சும்மா இருப்பானா? "ஏலே ராமசுப்பு, அப்ப நீ ராத்திரி லைட்டுப் போட்டு ஒண்ணுக்குப் போறதும் புனே வரைக்கும் தெரியுமாலே?" என்றான். கடையே சிரித்தது. அதிலிருந்து நான் இருட்டிலேயே போய் வருகிறேன். ஒரு தடவை மாட்டுத் தொட்டியில் முட்டிக்கொண்டதும் உண்டு.

பிறகுதான் நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய். இரவு பகல் விடாமல் ஏதோ ஒன்று ஓடுகிறது, கோடு கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது, அது என்ன என்று. பழைய பிரிட்ஜு என்றேன். நீ என்ன செய்வாய் என்று யோசிக்கவில்லை. நாலாம் நாள் புது பிரிட்ஜு வந்து வாசலில் இறங்கியது. தெருவே கூடிப் பார்த்தது. பழையதில் இப்போது மல்லி விதை போட்டு வைத்திருக்கிறேன். எலி தொடுவதில்லை, அதற்கு நன்றி.

பிரிட்ஜை மாற்றியும் கோடு இறங்கவில்லை. கொசு மிஷின் என்றேன். கொசு மிஷின் இவ்வளவு இழுக்காதுப்பா என்று நீ கணக்குச் சொன்னாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் போனும் கையுமாக நிற்க வைத்து, "ஹால் ஃபேனை நிறுத்துங்க, பிரிட்ஜை நிறுத்துங்க" என்று ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னாய். நீ சொன்ன எல்லாவற்றையும் நிறுத்தினேன். வேர்த்து ஊற்றியது. உன் அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். நிறுத்த வேண்டியதை மட்டும் நான் நிறுத்தவில்லை. கடைசியில் வேறு ஒன்றும் தோன்றாமல், பழைய ஒயரிங்குய்யா, எங்கேயோ கரண்டு லீக் ஆகுது போல என்று சொல்லிவிட்டேன். நீ பயந்துபோனாய். பயப்படாமல் இருக்க முடியுமா? அப்பனும் ஆத்தாளும் லீக் ஆகிற வீட்டில் தூங்குகிறார்கள் என்றால் எந்தப் பிள்ளைக்கும் தூக்கம் வராது. அந்தப் பயத்தை உண்டாக்கியவன் நான்.

ஓடிக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? கோழிக்குஞ்சு பொரிக்கிற மிஷின். உன் அறையில்.

வீட்டை எடுத்துக் கட்டி டைல்ஸ் போட்டபோது, இனிமேல் கோழி ஆடு எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது, சம்பந்தி வீட்டார் வந்து போகிற இடம் என்று நீ சொன்னாய். நியாயம்தான். அம்மா அன்றைக்கே இருந்த கோழிகளையெல்லாம் தன் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். ஆனால் கை சும்மா இருக்குமா? ஊரில் கோழி வளர்க்கிறவர்கள் முட்டையைக் கொடுத்தால் பொரித்துக் கொடுக்கலாம் என்று யாரோ சொல்லி, அருப்புக்கோட்டையிலிருந்து அந்த மிஷினை வாங்கி வந்தாள். கோழிதானே வரக்கூடாது என்றான், முட்டைக்குக் காலா இருக்கிறது, நடந்து போய் டைல்ஸில் எச்சம் போட என்று என்னிடம் வாதாடினாள். நான் எந்த வாதத்தில் அவளை ஜெயித்திருக்கிறேன்?

உன் அறையில் ஏன் வைத்தாள் என்றால், காற்று புகாமல் கதவு பொருந்துவது அந்த ஒரு அறைக்குத்தான். கட்டில் மெத்தைக்குப் போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்காமல்தான் இருக்கிறது. அவன் வருகிற அன்றைக்கு எடுத்துவிடலாம் என்று சொல்லித்தான் வைத்தாள். எடுக்க வேண்டிய நாள் இன்னும் வரவில்லை.

தொழில் நன்றாகவே நடந்தது. பொரித்த குஞ்சில் பாதி முட்டை கொடுத்தவர்களுக்கு, பாதி அம்மாவுக்கு. அவள் பங்கை வீரசோழனில் கோழிக்கடை வைத்திருக்கும் காஜா பாய் ஆள் வந்து வாங்கிப்போவார். "அக்கா குடுக்கிற குஞ்சு தெம்பா இருக்குன்னு பாய் சொன்னாக" என்று அந்த ஆள் சொன்ன அன்றைக்கு உன் அம்மா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கல்யாண போட்டோவில்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை. பக்கத்தில் நான் நின்றதால் இருக்கலாம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். காரியாபட்டியில் உன் மாமா மகள் கல்யாணம். அத்தைக்காரியான உன் அம்மா முதல் நாளே சீர்த் தட்டோடு போய் நிற்காவிட்டால் முறை இல்லை. முட்டைகள் பொரிக்கிற தறுவாய். அந்தக் கடைசி மூன்று நாள் முட்டையைத் திருப்பக்கூடாது, மூடியைத் திறக்கவும் கூடாது, மிஷின் பாட்டுக்கு ஓட வேண்டும். கரண்ட் போனால் ஒரு மணி, இரண்டு மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் தாங்காது. யாரும் திறந்துவிடக்கூடாது என்று அம்மா அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதற்காக வாசல் சாவியைப் பக்கத்து வீட்டு மாயக்காளிடம் கொடுத்தோம்.

அன்று சாயங்காலம் நீ சொல்லி, பாளையம்பட்டியிலிருந்து உன் கூட்டாளி இன்பராஜ் ஒயரிங் பார்க்க வந்திருக்கிறான். மாயக்காள் கதவைத் திறந்துவிட்டு மாட்டைப் பார்க்கக் கொல்லைக்குப் போய்விட்டாள். இன்பராஜ் ஹாலில் இருக்கிற போர்டில் சோதித்து, உன் அறைக்குப் போகிற லைனில்தான் விடாமல் கரண்ட் ஓடுகிறது என்று கண்டுபிடித்தான். அறை பூட்டியிருந்தது. உனக்குப் போன் போட்டான். இப்போதைக்கு அந்த லைனை ஆஃப் பண்ணிவிடு, அப்பா அம்மா வந்ததும் திறந்து பார்க்கலாம் என்று நீ சொன்னாய். அவனும் ஆஃப் பண்ணிவிட்டுப் போனான். உன் மேலும் தப்பில்லை, அவன் மேலும் தப்பில்லை. லீக் என்று கேள்விப்பட்ட யாரும் அதைத்தான் செய்வார்கள்.

நான் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது நீ கூப்பிட்டாய். "பிரச்சினை முடிஞ்சதுப்பா, கோடு இறங்கிருச்சு, விவரம் அப்புறம் சொல்றேன்" என்றாய். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய்! கோடு ஏன் இறங்கியது என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். என் பொய்யைச் சாமியே வந்து காப்பாற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, இலையில் இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் பேச்சுவாக்கில் அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, கோடு இறங்குனா மிஷினு நின்னுருக்கும்ல?" என்றாள். அவ்வளவுதான். ஊர் வந்து சேரும் வரை இடுப்புச் சாவியைப் பிடித்தபடி இருந்தாள்.

முட்டைகள் ஜில்லென்று இருந்தன. சிலவற்றில் உள்ளேயிருந்து குஞ்சு மூக்கால் கொத்தித் துளை போட்டிருந்தது, துளையோடு நின்றுபோயிருந்தது. ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டாள். மறுபடி மிஷினைப் போட்டு இரண்டு நாள் காத்துப் பார்த்தாள். ஒன்றும் பொரிக்கவில்லை. முருங்கை மரத்தடியில் நான்தான் குழி வெட்டினேன். முட்டை கொடுத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் அவளே நடந்து போய் நடந்ததைச் சொல்லி வந்தாள். இன்பராஜ் கேள்விப்பட்டு ஓடி வந்து, "பெரியம்மா, எனக்குத் தெரியாமப் போச்சே" என்று அழாத குறையாக நின்றான். அவனுக்கு டீ போட்டுக் கொடுத்து, "ஒன்னய என்னப்பா சொல்றது, சொன்னதத்தான செஞ்ச" என்றாள். உன்னிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அவன் வாயை நான் கட்டி வைத்தேன். உன்னைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. என்னைத் திட்டுகிறாள், அது வழக்கம். உன்னைத் திட்டவும் இல்லை, கேட்கவும் இல்லை. "அவன் பேசுனானா, சாப்ட்டானாமா" என்று ஞாயிற்றுக்கிழமை கேட்பாளே, அதையும் விட்டுவிட்டாள்.

போன வாரம் திடீரென்று, "கரண்ட் ஆபீஸுக்குப் போவோம், எனக்கு அந்தக் கோடு வேணும்" என்றாள். அருப்புக்கோட்டைக்குப் போனோம். மீட்டர் என் பேரில் இருப்பதால் ஆதார் கார்டைப் பார்த்துவிட்டு, அங்கே இருந்த ராமலட்சுமி என்ற பெண் பொறுமையாகக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டியது. அஞ்சாம் வகுப்பு படித்தவள் உன் அம்மா. எனக்கு மலையும் மடுவுமாகத் தெரிந்ததை அவள் படித்தாள். இது மாவு ஆட்டியது, இது மோட்டார், இது இவுக டிவி முன்னால தூங்கிட்டு அணைக்காம விட்டது என்று சொல்லிக்கொண்டே போனாள். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தது. பிறகு கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்தது. சாயங்காலம் கோடு செங்குத்தாக இறங்கித் தரையோடு கிடந்தது. அந்த இடத்தில் விரலை வைத்தாள். "இது எம் போன்ல வந்திருந்தா, அப்பவே பஸ் ஏறி வந்திருப்பேன்ல தாயி" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். மோட்டார் போடுவது அவள், மாவு ஆட்டுவது அவள், விளக்கேற்றுவது அவள். அவள் வீட்டில் எது ஓடுகிறது, எது நின்றது என்று உனக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. நீ பார்ப்பது அக்கறையில்தான். அதை நான் அவளிடம் சொன்னேன். "பாக்கட்டும், வேண்டாம்னு நான் சொன்னேனா? எனக்கும் தெரியணும்ல" என்றாள்.

நம்பரை அம்மா நம்பருக்கு மாற்ற வேண்டும் என்றால், பழைய நம்பருக்கு, அதாவது உன் போனுக்கு, ஒரு எண் வருமாம். அதைக் கொஞ்ச நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும், தாமதமானால் செல்லாது. அன்றைக்கே அங்கிருந்து உனக்கு நான் போன் போட்டேன். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று மெசேஜ் வந்தது. வேலை நேரம், உன்னைக் குறை சொல்லவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மிஷினில் மறுபடி முட்டை வைத்திருக்கிறாள். முதலில் ஒருவரும் முட்டை தரவில்லை, மாயக்காள்தான் தன் வீட்டு முட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். லீக் எதுவும் இல்லை, வீடு நன்றாக இருக்கிறது, இன்பராஜ் எல்லா ஒயரையும் பார்த்துவிட்டான். தயவுசெய்து எதையும் நிறுத்தச் சொல்லாதே. காட்டில் உழவு போட்டாயிற்று. புரட்டாசியில் மழை கிடைத்தால் சோளமும் மல்லியும் போடலாம். வானத்தில் இதுவரை மேகம்கூட இல்லை.

வருகிற புதன்கிழமை காலையில் மறுபடி கரண்ட் ஆபீஸுக்குப் போகிறோம். இந்தத் தடவை நான் பேச மாட்டேன், அம்மாவையே அவள் போனிலிருந்து கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். முதலில் மாட்டேன் என்றாள், பிறகு சரி என்றாள். எந்த மீட்டிங் இருந்தாலும் அந்த ஒரு போனை எடுத்துவிடு ஐயா. உனக்கு வந்த எண்ணை மட்டும்தான் கேட்பாள், வேறொன்றும் கேட்க மாட்டாள். நிதானமாகச் சொல். சொல்லி முடித்ததும் உடனே வைத்துவிடாதே.

மருமகளுக்கு எங்கள் ஆசீர்வாதத்தைச் சொல். நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நல்லபடி வாழ வேண்டும் என்று நம் குலசாமியைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
ராமசுப்பு