நின்றுபோன ருஷ்ய வகுப்பு

1912 நவம்பர் 9, சனி.

பத்து வருடம் தனியாகப் படித்த ருஷ்ய இலக்கியத்தைக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்க எனக்குக் கிடைத்திருந்த ஒரே சனிக்கிழமை வகுப்பும் இன்று போயிற்று.

சென்ற வாரம் வகுப்பில் வாசித்துவந்த ருஷ்ய நாவலில் ஒரு குடியானவன் வீடு வந்தது. மூலையில் தேவமாதா படம், அதன் முன் விளக்கு. மாணவர்களுக்கு விளங்கவில்லை. "உங்க வீட்டு விளக்கு மாடம் மாதிரிதாம்லே" என்றேன். அந்த நிமிடம் ருஷ்யா பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டது. எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இன்று பிரின்ஸிபால் துரை கூப்பிட்டனுப்பினார். மிஷன் கல்லூரியில் விக்கிரகத்துக்கு வக்காலத்து வேண்டாமாம். இனி அந்த நேரத்தில் சுகாதாரப் பிரசங்கம். செய்யப்போவது சக ஆசிரியன் சாமுவேல். போய்ச் சொன்னதும் அவன்தான், வேறு யார்? வராந்தாவில் என் தோளைத் தட்டினான்.

"என்னவே, ருஷியாவுல போயி மாவிளக்கு எடுத்தீராம்லா?"

மூன்று தலைமுறையாக நாங்கள் ஞானஸ்நானம் பெற்ற வேதக்காரர்கள். குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் இரண்டு மாணவர்கள் வீட்டுக்கே வந்தார்கள்.

"சார், கதையில அந்தக் குடியானவன் வீட்டுப் பொண்ணோட புருஷன சைபீரியாவுக்குக் கைதியா கொண்டுபோனாங்கள்லா, அவன் திரும்பி வந்தானா? அத மட்டும் சொல்லிருங்க. இவன் அதையே கேட்டு உசுர எடுக்கான்."

"துரைகிட்ட போய்க் கேளுங்கலே" என்று கதவைச் சாத்தினேன்.

கொஞ்ச நேரம் வாசலில் நின்றார்கள். பிறகு ஒருவன் சொல்வது கேட்டது: "வந்திருப்பாம்லே. வராம எங்க போவான்?"

அவன் வரவில்லை. பனி உருகி, பாதை தெளிந்து, அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அதோடு நாவல் முடிகிறது. கதவைத் திறந்து சொல்லியிருக்கலாம். திறக்கவில்லை.

நானே கதவைச் சாத்தியது சாமுவேலுக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவான்.