எர்த் குழியில் ஊற்றாத தண்ணீர்

ஞாயிறு, இரவு

வியாழக்கிழமை மின் சூப்பர்வைசர் தேர்வு. பயிற்சிக்காக எண்ணூர் பட்டறையில், மின்கசிவை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழியின் மின்தடையை அளந்தேன். ஆய்வுக்கு முன் தண்ணீர் ஊற்றி ரீடிங்கைக் குறைப்பது எங்கள் பட்டறை வழக்கம். நான் ஊற்றவில்லை. ரீடிங் வரம்பைத் தாண்டி எகிறியது.

"இன்னா சார், ரெண்டு குடம் ஊத்தினா முடிஞ்சிச்சு. இந்த வயசுல பரீட்சைனு பேஜாரு பண்ணிகினு கீறே," என்றான் சேகர். சூப்பர்வைசர் சான்றிதழ் அவனிடம் இருப்பதால் என் அறிக்கைகளில் எல்லாம் கையெழுத்திடுபவன்.

குழி மூடியைத் திறந்தேன். உப்புக்காற்றில் செம்பு இணைப்பு களிம்பேறித் தளர்ந்திருந்தது. தேய்த்து முறுக்கினேன். தண்ணீர் இல்லாமலே ரீடிங் இறங்கியது.

தேறிவிட்டால் நான் அளந்ததற்கு நானே கையெழுத்திடுவேன். தேறியதைச் சேகரிடம் சொல்லமாட்டேன். நான் கையெழுத்திட்ட முதல் அறிக்கையை அவன் மேசையில் வைப்பேன். படித்துக்கொள்ளட்டும்.