ஸ்பீக்கருக்கு வைத்த பேர்

இன்று காலை ஆம்ப்ளிஃபயரின் ஸ்விட்சைப் போட்டதும், சூடேறும் தூசியின் அந்த வாசனை கூடத்தில் பரவியது. நீங்கள் போன பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் இந்த வீட்டில் இல்லாதிருந்த வாசனை, இப்போது ஒரு வாரமாகத்தான் திரும்பி வந்திருக்கிறது. சமையலறையில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. பொங்கட்டும் என்று நின்றேன். பிறகு மேடையைத் துடைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். போன வாரம் இங்கே நடந்த கூத்தை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் கூடத்தில்தான் இருக்கின்றன. பயப்பட வேண்டாம்.

பொன்மலை ரயில்வே வொர்க்‌ஷாப்பில் நாள் முழுக்க இரும்புச் சத்தம் கேட்டுவிட்டு வருகிற மனுஷன் வீட்டிலாவது அமைதியாக இருப்பார் என்று கல்யாணமான புதிதில் நினைத்தேன். நீங்களோ காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் நாகஸ்வரத்தைப் போடுவீர்கள். தவில் அடிக்கிற அடியில் அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் நடுங்கும். "காதால கேட்டா மட்டும் போறாதுடி, நெஞ்சுல வாங்கிக்கணும்" என்பீர்கள். வாங்கிக்கொண்டேன், வேறு வழி? அந்தப் பெட்டிகளுக்குப் பலகை அறுத்தது முதல் ஒயர் பற்றவைத்தது வரை எல்லாம் உங்கள் கை. பின்பக்கம் நான் ஒட்டடை அடிக்கப் போனால்கூட "கைய வெக்காதே, புகைஞ்சுடும்" என்று குதிப்பீர்கள். இத்தனைக்கும் நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். எதிரே இருக்கிற போர்டில் ஒயர் ஒயராகச் செருகி, திருச்சியை ஊர் உலகத்தோடெல்லாம் பேச வைத்தவள். வீட்டில் மட்டும் நான் ஒயரைத் தொடக்கூடாது!

துக்க வருஷம் முடியும்வரை பாட்டு வேண்டாம் என்று இருந்தேன். முடிந்ததும் போட்டுக் கேட்கலாம் என்று பார்த்தால், கேஸட் டெக்கின் பெல்ட் உருகிப் பிசினாகக் கிடந்தது. சி.டி. பிளேயர் வட்டை வாங்கிக்கொண்டதோடு சரி, திருப்பித் தரவே இல்லை. அந்தச் சமயம் பெங்களூரிலிருந்து வந்திருந்த நம் பெண், உள்ளங்கை அளவில் ஒரு குட்டி ஸ்பீக்கர் வாங்கி வைத்தாள். அதில் தவில் கேட்டால் யாரோ தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

"அம்மா, பெயிண்ட் அடிக்க ஆள் வரப்போறா. அதுக்குள்ள இந்தப் பெட்டிகள எடுத்துடலாம்மா. பாதிக் கூடத்த அடைச்சுண்டு நிக்கறது" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் உங்களை இன்னொரு தடவை வாசல் தாண்டி அனுப்பச் சொல்கிறாளே என்று இருந்தது. என் முகத்தைப் பார்த்து அவளே இறங்கி வந்தாள். ஃபோனில் இருக்கும் பாட்டை ஒயர் இல்லாமல் வாங்கி, பழைய ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கிற சின்னக் கருவி ஒன்று இருக்கிறதாம். ஊருக்குத் திரும்பியதும் அதை அனுப்பி வைப்பதாகச் சொன்னாள். "இது வேலை செஞ்சா பெட்டி இருக்கட்டும். இல்லேன்னா பழைய சாமான்காரன்ட்ட போட்டுடலாம். சரியா?" சரி என்று தலையாட்டினேன். தலைதான் ஆடியது.

பார்சல் வந்த அன்றைக்கு மத்தியானமே ஆரம்பித்துவிட்டேன். ஃபோனில் பாட்டு வர வேண்டுமே, அதனால் பெண்ணிடம் லேண்ட்லைனில் பேசிக்கொண்டே செய்தேன். நீங்கள் கேலி செய்த அந்த லேண்ட்லைன் இன்றைக்கும் உபயோகமாகத்தான் இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். கருவி சோப்புப் பெட்டி அளவுதான். சிவப்பு, வெள்ளை என்று இரண்டு முனைகள். ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் கையை விடும்போது நீங்கள் அதட்டுவது போலவே இருந்தது. கையை இழுத்துக்கொண்டேன். பிறகு, இப்போது அதட்ட யார் இருக்கிறார்கள் என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது. அந்தக் கோபத்திலேயே டெக்கின் ஒயர் இருந்த இடத்தில் இரண்டையும் செருகினேன். கை எதையும் மறக்கவில்லை.

"இப்போ அதுக்கு ஒரு பேர் வெக்கணும்மா. அப்பதான் ஃபோன்ல தேடினா தெரியும். அப்பா பேரையே வெச்சுடேன்" என்றாள் பெண்.

உங்கள் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. ரேஷன் கார்டுக்குப் பேர் கேட்டவரிடம்கூட "நம்ம ஊர்ப் பெருமாள் பேருதான்" என்று கோபுரம் இருக்கும் திசையைக் காட்டியவள் நான். எக்ஸ்சேஞ்சில் அதே பேருள்ளவர்களுக்கு எத்தனை ட்ரங்க் கால் போட்டிருப்பேன், அப்போதெல்லாம் நாக்கு கூசியதில்லை. "ஊர்ல இருக்கறவாள எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடற, என்ன மட்டும் கூப்பிட மாட்டேங்கற" என்று சீண்டுவீர்கள். சொல்லத்தானே கூடாது, எழுதலாமே என்று சமாதானம் செய்துகொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன்.

"லிஸ்ட்ல அப்பா பேர் வரதா?"

வந்தது. இரண்டு தடவை வந்தது. ஃபோன் எதையும் இரண்டாகக் காட்டும் போலிருக்கிறது என்று நினைத்து, மேலே இருந்ததை அழுத்தினேன். இணைந்துவிட்டது என்று காட்டியது. உங்களுக்குப் பிடித்த நாகஸ்வரத்தைப் போட்டேன்.

ஒன்றும் கேட்கவில்லை. ஃபோனில் சத்தத்தை ஏற்றினேன். கடைசிவரை ஏற்றினேன். பெட்டிகள் மூச்சுகூட விடவில்லை. குனிந்து மோந்து பார்த்தபோது ஏதோ கருகின நாற்றம் வருகிற மாதிரியே இருந்தது. புகைந்துவிட்டது, நீங்கள் இருந்தவரை நன்றாக இருந்ததை நானே கை வைத்துக் கெடுத்துவிட்டேன் என்று தரையில் உட்கார்ந்து அழுதேன். லேண்ட்லைனில் பெண், "அம்மா, போனாப் போறது, அழாதேம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பழைய சாமான்காரனின் தள்ளுவண்டி வாசலில் நிற்பதே என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது காலிங் பெல் அடித்தது. பக்கத்து ஃப்ளாட் மாமி, தலைமுடி அவிழ்ந்து, மூச்சு வாங்க நின்றாள்.

"மாமி, கொஞ்சம் வாங்கோளேன்! எங்காத்து டி.வி. தானா நாயனம் வாசிக்கறது, நிறுத்தவே முடியலை. தூங்கிண்டிருந்த மாமா எழுந்து உக்காந்துண்டு, யாராத்துக் கல்யாணம்ங்கறார்!"

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்தது. அந்த மாமாவுக்கும் அதே பெருமாள் பேர்தானே! அவர் பிள்ளை டி.வி.க்கு அடியில் புதிதாக ஒரு ஸ்பீக்கரை மாட்டி அப்பா பேரை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இந்த ஊரில் தடுக்கி விழுந்தால்கூட அந்தப் பேருள்ள ஒருவர் மேல்தான் விழ வேண்டும். இது தெரிந்தும் அம்மாவும் பெண்ணுமாக அதே பேரைத் தேர்ந்தெடுத்தோமே!

இரண்டாவது பேரை அழுத்தினேன். பக்கத்து வீட்டில் நின்றது. நம் கூடத்தில் தவில் இடி மாதிரி இறங்கியது. அலமாரியில் தட்டுகள் கலகலத்தன. மாமி காதைப் பொத்திக்கொண்டாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அப்பாடா என்று இருந்தது. ஒரு வருஷமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அந்தச் சத்தத்தில் இடம் விட்டுக் கொடுத்தது. லேண்ட்லைனைப் பெட்டிப் பக்கம் நீட்டினேன். பெங்களூரில் நம் பெண்ணும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "பெட்டி இருக்கட்டும்மா, சுத்தி பெயிண்ட் அடிச்சுக்கச் சொல்லு" என்றாள்.

போகும்போது மாமி வாசலில் திரும்பி, "அந்தப் பேர மட்டும் மாத்திடுங்கோ மாமி. தெனம் எங்காத்து மாமாவ நீங்க கூப்பிட்டா நன்னாவா இருக்கும்?" என்று கண்ணடித்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, இந்த வயதில்!

அன்று சாயங்காலமே மாற்றிவிட்டேன். அதிகம் யோசிக்கவில்லை. இத்தனை வருஷம் உங்களைக் கூப்பிட வாயில் இருந்ததைத்தான் எழுதினேன். வாய்விட்டுக் கூப்பிட்டால் இந்த அபார்ட்மெண்ட்டில் எத்தனையோ மாமாக்கள் திரும்பிப் பார்ப்பார்கள், ஆனால் லிஸ்டில் அது ஒன்றே ஒன்றுதான் வருகிறது. தினமும் காலையில் காப்பியைக் கலந்துகொண்டு வந்து உட்காருகிறேன். ஃபோனில் 'ஏன்னா' என்று இருப்பதை அழுத்துகிறேன். இணைந்துவிட்டது என்கிறது.

இப்போதெல்லாம் ஒரு தடவை கூப்பிட்டாலே வந்துவிடுகிறீர்கள். இருந்தபோது ஒரு நாளாவது இப்படி வந்திருக்கிறீர்களா?