சைக்கிள் சாவிக்கு இரண்டு அம்புகள்

வாலு,

சாப்பாடு அடுப்புமேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். உன் சைக்கிள் சாவியைச் சமையலறையில் ஒளித்து வைத்திருக்கிறேன். அதன் வாசலின் இடது மூலையில் நின்று ஜன்னலைப் பார். நீ நிற்கும் இடம்தான் (0, 0, 0). தரையில் ஒரு டைல் நீளம் ஓர் அலகு. வலம், முன், மேல் என்ற வரிசையில் முதல் அம்பு (3, 1, 2). அதன் நுனியிலிருந்து அடுத்தது (–1, 2, 3).

நேற்றுத் திசையன் (வெக்டர்) கணக்குப் போடும்போது நீ, "எண்ணைக் கூட்டினாப் போதும்மா, அம்பு எதுக்கு?" என்றாய். "கிரேன் ஓட்டுறவகிட்டயே சொல்றியா?" என்று நான் கத்தினேன். நீ கதவைச் சாத்திக்கொண்டாய்.

காலையில் இரண்டு வழியிலும் பார்த்தேன். உன் எண்களைக் கூட்டினாலும், என் அம்புகளைப் பிடித்துக்கொண்டு போனாலும், அலமாரியில் அதே பிஸ்கட் டப்பாதான்.

பி.கு.: அந்தக் கழித்தல் குறியை விட்டுவிடாதே. நான் விட்டுவிட்டுக் கூட்டி, சாவியை மிளகுத்தூளில் போடப் பார்த்தேன். அம்பு வரைந்ததால் பிழைத்தாய். அதை மட்டும் ஒத்துக்கொள்.

இன்னொன்று: எந்த அம்பை முதலில் வைத்தாலும் சேருகிற இடம் ஒன்றுதான். அதனால் யார் முதலில் பேசுவது என்று முறைத்துக்கொண்டிருக்க வேண்டாம். நான் பேசிவிட்டேன்.

அம்மா